நாமும் நாங்களும்

லேப்டாப்பை வாங்கிப் போக வந்த பையன் வாசல் படியிலேயே உட்கார்ந்து சீரியல் நம்பரைச் சரிபார்த்தான். சார்ஜர் இருக்கிறது, ஹெட்செட் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. அட்டையைக் கயிற்றோடு தர வேண்டுமா, கயிறு இல்லாமலா என்று கேட்டேன். கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்டுன்னுதான் போட்டிருக்கு மேடம், கயிறைப் பத்தி ஒண்ணும் போடல" என்றான். கயிற்றை நானே வைத்துக்கொண்டேன். இப்போது ஸ்கூட்டி சாவி அதில்தான் தொங்குகிறது. 18 வருஷம் 7 மாதம் வேலை பார்த்த இடத்திலிருந்து மிஞ்சிய சொத்து அந்தக் கயிறும் ஒன்பது டி-ஷர்ட்டும்தான். டி-ஷர்ட்டில் ஐந்தைக் கோயம்புத்தூரில் அப்பா போட்டுக்கொண்டு திரிகிறார்.

இது 2023 பிப்ரவரியில் நடந்தது. எழுத இவ்வளவு நாள் இழுத்ததற்குக் காரணம் சோம்பல் பாதி, வெட்கம் பாதி. வேலை போன வெட்கம் இல்லை. அந்த நாட்களில் அது ஊரோடு ஒத்த சங்கதி. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேர். 2023 ஜனவரி 18 அன்று மைக்ரோசாஃப்ட் 10,000 பேர். இரண்டே நாள் கழித்து கூகுள் 12,000 பேர். அதன் தலைவர், மதுரையில் பிறந்த நம்ம ஆள் சுந்தர் பிச்சை, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று கடிதம் எழுதினார். பொறுப்பு அவருடையது, மூட்டை கட்டியது வேறு 12,000 பேர். இத்தனை பெரிய கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதில் என்ன வெட்கம்? என் வெட்கம் வேறு ஒன்றைப் பற்றியது. அதற்கு வருகிறேன்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வெளியே வரும்போது போட்ட கையெழுத்துகளில் அதற்கும் ஒன்று இருந்தது. அமெரிக்கக் கம்பெனி, பெரியது, என் காலத்திலேயே இரண்டு முறை லோகோ மாற்றியது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் ஆங்கிலத்தின் அந்த 'வி' (we) இருக்கும். தமிழில் எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்கள். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. நாம் என்றால் கேட்கிற நீயும் உள்ளே. நாங்கள் என்றால் நீ வெளியே நில். ஆங்கிலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தீபாவளி வாழ்த்தில் வருகிற 'வி' நாம். காலாண்டு முடிவு நன்றாக வந்தால் அதுவும் நாம். "கடினமான ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது" என்று வரும்போது அது நாங்கள். மூன்றுக்கும் சொல் ஒன்றுதான், எழுத்துரு ஒன்றுதான், கீழே கையெழுத்தும் ஒன்றுதான். எது எது என்று பிரித்துப் படிக்க எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது.

2004 ஜூலையில் சேர்ந்தேன். முதல் சம்பளம் 18,500 ரூபாய். அப்பா மில்லில் கடைசியாக வாங்கியதைப் போல ஆறு மடங்கு. சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அவர் சைடர், நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினைப் பார்க்கிறவர். காலை ஷிப்ட் முடிந்து வரும்போது புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், நரைத்த மாதிரி. நான் பத்தாவது படிக்கும்போது அந்த மில் மூடியது. கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பாடப் புத்தகத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அசல் மான்செஸ்டரில் மில்களுக்கு என்ன கதி ஆனது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் முன்னேற்பாடாக இருந்திருக்கலாம். அப்பா அதன் பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். அதனால் கம்ப்யூட்டர் கம்பெனி என்பது எங்கள் வீட்டில் வெறும் வேலை இல்லை. அது மூடவே மூடாத மில்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. வங்கிகள், ஆஸ்பத்திரிகள், விமான நிறுவனங்கள் தங்கள் தரவைச் சேமிக்கிற ஸ்டோரேஜ் பெட்டிகளை நாங்கள் செய்தோம். ஆள் உயர அலமாரி, அதில் வரிசை வரிசையாக டிஸ்க். மேலே இரண்டு கன்ட்ரோலர். ஒன்று செத்தால் மற்றது அந்த நொடியே பொறுப்பை ஏற்க வேண்டும், வெளியே இருக்கிற வங்கிக்காரருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியக் கூடாது. நான் டெஸ்டிங். அதாவது, எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது எதையாவது பிடுங்குவது. டிஸ்க்கைப் பிடுங்குவேன், கேபிளைப் பிடுங்குவேன், பவர் கார்டைப் பிடுங்குவேன். எழுதிக்கொண்டிருந்த தரவில் ஒரு பைட் குறைந்தாலும் பக் போடுவேன், அதாவது பிழை என்று பதிவு செய்வேன். டெவலப்பர்கள் எனக்கு வைத்த பெயர் 'குரங்கு'. செல்லமாகத்தான்.

புத்தகக் கடையாக ஆரம்பித்த அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உங்கள் தரவை எங்களிடம் வையுங்கள், ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட் கொடுங்கள், பெட்டியே வாங்க வேண்டாம். எங்கள் கேன்டீனில் அன்று சிரிப்பு தாங்கவில்லை. "எந்த பேங்க்காரன் தன் டேட்டாவைக் கொண்டுபோய் புத்தகக் கடையில வைப்பான்?" என்று சீனியர் ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவர் மடையர் இல்லை. எங்கள் பெட்டியின் விலையில் பாதி, 'எது போனாலும் தரவு போகாது' என்ற நம்பிக்கைக்கான விலை. அந்த நம்பிக்கையை இன்னொருவன் வாடகைக்கு விடுவான் என்று யோசிக்கத்தான் எங்களுக்கு வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மேனேஜர் பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றிலும் கோடாக் கதை உண்டு. 1975-ல் கோடாக்கின் சொந்த இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார், பிலிம் வியாபாரம் கெட்டுவிடும் என்று மேலிடம் அதை ஓரம் கட்டியது, 2012 ஜனவரியில் திவால் மனு. நான் இந்த ஸ்லைடை மட்டும் ஐந்து முறை பார்த்திருக்கிறேன். ஐந்து முறையும் நாங்கள் எல்லோரும் 'ச்ச்' கொட்டினோம். ஐந்தாவது முறை பார்க்கும்போது எங்கள் பெட்டி விற்பனை ஆறு காலாண்டாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

'நாம்' உச்சத்தில் இருந்தது எப்போது என்று கேட்டால், 2015 டிசம்பர். முதல் தேதி பெய்த மழையில் சென்னை மூழ்கியது. செம்பரம்பாக்கம் திறந்துவிட்டார்கள், அடையாறு ஊருக்குள் வந்தது. எங்கள் லேப் மூன்றாவது மாடியில் இருந்ததால் தண்ணீர் பயம் இல்லை, கரன்ட்தான் இல்லை. அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளருக்காக நடந்துகொண்டிருந்த டெஸ்ட் பாதியில் நின்றால் பத்து நாள் வேலை போய்விடும். நாங்கள் ஏழு பேர் மூன்று ராத்திரி அங்கேயே இருந்தோம். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தபோது, ஆண்கள் நான்கு பேர் முட்டியளவு தண்ணீரில் நடந்து போய் கேனில் வாங்கி வந்தார்கள். பிஸ்கட்டும், பக்கத்துக் கட்டடத்து செக்யூரிட்டி வைத்துக் கொடுத்த ரசம் சாதமும். என் மகளுக்கு அப்போது நாலரை வயது, மேடவாக்கத்தில் அவளும் அவள் அப்பாவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருந்தார்கள். போன் லைன் கிடைக்கவில்லை. யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அதுதான் உறுத்துகிறது, யாருமே சொல்லவில்லை.

வைஸ் பிரசிடென்ட் மெயில் அனுப்பினார். எங்கள் ஏழு பேர் பெயரும் இருந்தது. அப்புறம் ஒரு டி-ஷர்ட், முதுகில் மழைத்துளியும் எங்கள் பெட்டியின் படமும். அப்பா போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போவது அதுதான்.

கம்பெனி இறங்குகிறது என்பதைப் பங்கு விலையில் பார்ப்பவர்கள் பார்க்கலாம். எனக்குத் தெரிந்தது செடிகளில். ஆபீசில் இருக்கிற தொட்டிச் செடிகள் கம்பெனியின் செடிகள் என்றுதான் நினைத்திருந்தேன். அவை வாடகைச் செடிகள். மாதம் இவ்வளவு என்று ஒரு நர்சரிக்காரருக்குக் கொடுப்பார்கள், அவர் ஆள் வந்து தண்ணீர் ஊற்றுவார், வாடியதை எடுத்துக்கொண்டு வேறு வைப்பார். 2017-ல் ஒரு திங்கட்கிழமை உள்ளே போனால் தளம் முழுக்கத் தரையில் வட்ட வட்டமாகக் கறை. தொட்டி இருந்த இடங்கள். என் மேசைப் பக்கம் இருந்த மணிபிளான்ட்டை நான் ஆறு வருஷமாக 'என் செடி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு ஆசைப்பட்டு ஒரு குச்சியெல்லாம் நட்டு வைத்திருந்தேன். குச்சியோடு போய்விட்டது.

அதற்கு அப்புறம் எல்லாம் சரசரவென்று வந்தது. டிகாக்ஷன் காபி மெஷின் போய் பொடி மெஷின். தீபாவளிக்கு ஒரு கிலோ ஸ்வீட் அரைக் கிலோ ஆனது, அரைக் கிலோ கால் கிலோ ஆனது, ஒரு வருஷம் லட்டு படம் போட்ட மெயில் வந்தது. பெண்களுக்கு ராத்திரி கேப் மட்டும் சட்டத்துக்குப் பயந்து விட்டுவைத்தார்கள். இரண்டு தளத்தில் ஒன்றைக் காலி செய்தோம். புது சிஇஓ வந்தார், அவர் 'டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்றார். அவர் போய் இன்னொருவர் வந்தார், அவரும் அதையேதான் சொன்னார். எங்களுக்குள் பேச்சு மாறியது. "நம்ம பாக்ஸ் மாதிரி வராது" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், "இவங்க என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியலயே" என்றோம். நம்ம எப்போது இவங்க ஆனது என்று தேதி போட முடியவில்லை. யாரும் கூடிப் பேசி மாற்றிக்கொண்டதில்லை.

லேப்பில் ஒரு அண்ணன் இருந்தார். திருப்போரூர்க்காரர், டிப்ளமா, கான்ட்ராக்டில் பதினொரு வருஷம். பெட்டியைத் திறக்காமலே விசிறிச் சத்தத்தை வைத்து எந்த ஸ்லாட்டில் கோளாறு என்று சொல்வார். வெள்ளத்தில் தங்கிய ஏழு பேரோடு எட்டாவது ஆளாக அவரும் இருந்தார். மெயிலில் அவர் பெயர் இல்லை, டி-ஷர்ட்டும் வரவில்லை. 2018-ல் வெண்டரை, அதாவது கான்ட்ராக்ட் ஆள் அனுப்புகிற கம்பெனியை, மாற்றினார்கள், அவரும் இன்னும் இருபது பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி என்று அதற்கு முன்னும் பின்னும் போனவர்களும் உண்டு. எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று செய்தியில் வருகிற எண்ணில் இவர்கள் யாரும் கணக்கு இல்லை. நான் மீட்டிங்கில் கேட்டேன், அண்ணனையாவது வைத்துக்கொள்ள முடியாதா என்று. "அவர் நம்ம எம்ப்ளாயி இல்லையே" என்று பதில் வந்தது. அங்கே மட்டும் தமிழில் சொன்னார்கள், சரியான சொல்லையும் போட்டார்கள்.

நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

சரி, வெட்கத்துக்கு வருகிறேன். 2020 அக்டோபர். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. எனக்குக் கீழே அப்போது 23 பேர். ஹெச்.ஆரிடமிருந்து பாஸ்வேர்டு போட்ட ஒரு எக்செல் வந்தது. பெயர், பேண்ட் (பதவிப் படி), வருடச் சம்பளம், கடைசி இரண்டு வருஷ ரேட்டிங், 'முக்கியத் திறன் - ஆம்/இல்லை'. கடைசிக் கட்டம் காலி. அதில், வெளியே அனுப்ப வேண்டிய நான்கு பேருக்கு எதிரே நான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட வேண்டும். இருப்பு ஐந்தாவதாக ஒருவர், மேலே கேட்டால் மட்டும். நான்கு நாள் அவகாசம். யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டுக்காரரிடம் கூட.

இப்படி வரிசை போட்டுக் கடைசி ஆட்களை அனுப்புவதைப் பிரபலமாக்கியவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச். 1981 முதல் 2001 வரை அங்கே சிஇஓ. மேலே 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10. அடியில் இருக்கிற பத்தை வெளியே அனுப்பு. உலகம் முழுக்க மேனேஜர்கள் இதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2013-ல் கைவிட்டது. அந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கே 2024 ஏப்ரலில் மூன்று கம்பெனியாகப் பிரிந்து முடிந்தது. ஆனால் அந்த 20-70-10 வரிசை மட்டும் சாகாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு, அடியில் எப்போதும் மட்டமானவர்கள் இருக்க வேண்டும். மூன்று வருஷமாக ஆள் எடுக்காத, ஏற்கெனவே இரண்டு முறை சலித்த குழுவில் மட்டமானவர்களுக்கு எங்கே போவது?

முதல் இரண்டு பேர் கஷ்டமாக இல்லை என்று எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, ஆனால் கஷ்டமாக இல்லை. ஒருவர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியும். இன்னொருவர் வேலையே செய்யவில்லை. மூன்றாவது ஆளுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனது. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில்தான் மூன்று நாள் நின்றேன். இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே ரேட்டிங், ஒரே மாதிரி கெட்டிக்காரர்கள். கடைசியில் எதை வைத்து முடிவெடுத்தேன் தெரியுமா? ஒருவருடைய மனைவி வேலைக்குப் போகிறார், மற்றவருடைய மனைவி போகவில்லை. அதுதான் காரணம். எக்செல்லில் காரணத்துக்கான கட்டத்தில் 'தொழில்நுட்ப ஆழம் போதாது' என்று எழுதினேன். என் மில்காரத் தகப்பன் பெற்ற மகள், எந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது என்று பார்த்து ஒன்றை அணைத்தேன்.

ஐந்தாவது ஆள், நான் காப்பாற்றியவர், மூன்று மாதத்தில் பெங்களூருவில் நாற்பது சதவீதம் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விட்டார். பிரிவு விழாவில் என்னைப் பற்றி மிக நல்ல வார்த்தைகள் சொன்னார்.

என் முறை வந்தபோது அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலண்டரில் பதினைந்து நிமிட மீட்டிங், தலைப்பு 'கேட்ச்-அப்'. உள்ளே போனால் என் மேனேஜரோடு எனக்குத் தெரியாத ஒரு பெண். ஹெச்.ஆர். அந்த முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எங்கள் பாஷையில் 'இம்பேக்ட்' ஆகிவிட்டேன். வேலை போச்சு என்று யாரும் சொல்வதில்லை, "அவர் இம்பேக்ட் ஆயிட்டாரு" என்போம், ஏதோ லாரியில் அடிபட்ட மாதிரி. மேனேஜர் ஒரு தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். பாதியில்தான் எனக்கு உறைத்தது, இது எனக்குத் தெரிந்த தாள். 2020-ல் நான்கு பேருக்கு நான் படித்த அதே தாள், ஒரு கமா மாறவில்லை. 'இது உங்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதல்ல' என்று அடுத்து வரும் என்று காத்திருந்தேன், வந்தது. அதற்கு அடுத்து கொஞ்சம் நிறுத்த வேண்டும், அடைப்புக்குறியில் 'மூன்று நொடி' என்று போட்டிருக்கும். அவர் நிறுத்தவில்லை. பதற்றம். பாவம், முதல் தடவை.

நான் ஒரு முறைகூட அழவில்லை என்று பெருமையடித்துக்கொள்ளலாம். உண்மையில் அவர் நிறுத்தாமல் படித்ததைத் திருத்த வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. டெஸ்டர் புத்தி.

பிறகு இரண்டு வழி சொன்னார்கள். நானாக ராஜினாமா செய்தால் நான்கு மாதச் சம்பளம், நல்ல ரிலீவிங் லெட்டர். செய்யாவிட்டால் அவர்களாக நீக்குவார்கள், நோட்டீஸ் காலச் சம்பளம் மட்டும். ஆட்குறைப்புக்கு ராஜினாமா எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். அப்போது நடப்பில் இருந்தது 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டம். அதன் 25-எஃப் பிரிவுப்படி ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, அரசாங்கத்துக்குத் தகவல். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது எதுவும் இல்லை, ஏனென்றால் அவர் குறைக்கப்படவே இல்லை, அவரே போனார். அதோடு 'தொழிலாளி' யார் என்பதற்கும் வரையறை உண்டு. மேனேஜர் வேலை பார்ப்பவர் அதில் வர மாட்டார். ஐடிக்காரர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-ல் தெளிவாகச் சொன்னபோது, என் குழுப் பையன்கள் இரண்டு பேர் சேரலாமா என்று என்னிடம் கேட்டார்கள். "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று சொன்னவள் நான். அந்த 'நமக்கு' யார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

ராஜினாமா கடிதத்தைக்கூட அவர்களே அடித்து அனுப்பினார்கள், 'சொந்தக் காரணங்களுக்காக' என்று. கையெழுத்துப் போட்டேன். கிராஜுவிட்டியில் (பணிக்கொடை) மட்டும் ஒரு சின்ன சந்தோஷம். அப்போதைய விதிப்படி, ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவருக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதை வருஷத்தால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதையும் ஒரு முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 18 வருஷம் 7 மாதம் என்பது 19. அடிப்படைச் சம்பளம் 92,000, ஆக 10 லட்சத்து 8,000 சொச்சம். அவர்கள் போட்ட தாளில் 18 என்று இருந்தது. பக் போட்டேன். திருத்தினார்கள். அந்தக் கம்பெனியில் நான் கண்டுபிடித்த கடைசி பக் அது, விலை ஐம்பத்து மூவாயிரம்.

அப்பாவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மிணி, கேட்டுல பூட்டு போட்டாங்களா?"

"இல்லைங்கப்பா. ஆபீஸ் நடக்குது. என்னைய மாதிரி கொஞ்சம் பேரை மட்டும்தான்."

"அப்ப மத்தவங்க உள்ள வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்க."

ரொம்ப நேரம் பேசவில்லை. அவருக்கு அது புரியவே இல்லை என்று நினைக்கிறேன். மில் மூடினபோது அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். கேட்டில் பூட்டு, வெளியே 600 பேர், பந்தல், கஞ்சித் தொட்டி, தினம் ஒரு சங்கத்துத் தலைவர் பேச்சு. பாக்கி வந்து சேர ஏழு வருஷம் ஆனது, அதில் பாதிப் பேர் குடித்துக் கெட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், அதெல்லாம் உண்டு. அதை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் மூன்று வருஷம் ராத்திரிக்கு ரேஷன் அரிசி உப்புமாதான். ஆனாலும் அவருக்கு யாரைப் பார்த்துக் கோபப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பூட்டு கண்ணெதிரே தொங்கியது. எனக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்கிரீன் கறுத்தது, அவ்வளவுதான். ஸ்கிரீன் கறுத்த அதே நேரத்தில் என் குழு வாட்ஸ்அப்பில் யாரோ பிறந்த நாள் கேக் படம் போட்டிருந்தார்கள்.

"பணம் கிணம் வேணுமா சாமி?" என்று கடைசியில் கேட்டார். 74 வயது, வாடகை வீடு. நான் இல்லை என்றேன்.

எட்டு மாதம் சும்மா இருந்தேன். இப்போது கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன், நாற்பது பேர், சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்கும் கொஞ்சம் மேல். யாராவது 'நம்ம கம்பெனி' என்று ஆரம்பித்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன்.

போன மாதம் வேளச்சேரி ரயில் நிலையத்துக்கு வெளியே நான்காவது ஆளைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பார்த்து, "மேம்" என்று கூப்பிட்டார். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தார். ஒன்றரை வருஷம் கஷ்டம், பிறகு வேலை கிடைத்தது, மனைவி வேலையை இடையில் விட வேண்டி வந்தது, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். நான் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ சாப்பிடலாம் என்று அவரே கடைக்குக் கூட்டிப் போனார்.

"உங்களையும் இம்பேக்ட் பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். ஆமாம் என்றேன்.

கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார், "ஒண்ணு கேக்கலாமா? அந்த லிஸ்ட்டு நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமா."

"நான் எத்தனாவது?"

கோபமாகக் கேட்கவில்லை. பரீட்சை மார்க் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நாலாவது" என்றேன்.

"மொத்தம்?"

"நாலு."

தலையை ஆட்டிக்கொண்டார். கிளாஸைக் கையிலேயே சுழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம், "அஞ்சாவது யாரு மேம்?" என்று கேட்டார்.

ரயில் வந்துவிட்டது போலிருக்கிறது, படிக்கட்டில் கூட்டம் இறங்க ஆரம்பித்தது. நான் பர்ஸைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, இருபத்து நான்கு ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.